பதினான்கில் போட்டது பதினான்கிலேயே வந்தது

கண்ணா,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு நல்ல பெயர் வரும் இடங்களைக் கூட்ட மாட்டேன், வராத இடங்களைக் குறைக்கவும் மாட்டேன். பதினொன்றாம் வகுப்பில் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் இதே உறுதியை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு வாரம் முடிவதற்குள் அதை மீறியவளும் நான்தான். நாளைக் காலையில் நீ ஐதராபாத்துக்கு ரயில் ஏறுகிறாய். மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் கூடத்தில் உன் முதல் வேலை. அங்கே என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "மிஷின் காட்டறதை எழுதணும்மா, அவ்வளவுதான்" என்றாய். அவ்வளவுதான் என்று நீ சொன்னது இரண்டு நாளாகக் காதிலேயே இருக்கிறது. உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அன்று தவறு செய்தது நாலு பேர் முன்னால். அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

உனக்கு முத்து சித்தியைத் தெரியும். தி. நகர் பாத்திரக் கடையில் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், உன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் உன் பெயரை வெட்டித் தந்தவள். தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் எங்கள் பள்ளிக்கு அவள் பதினொன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவர்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்த குடும்பம். அதுவரை தமிழ் வழியில் படித்தவள். வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள். நான் அதற்கு நேர்மாறு. நூலகத்தில் எந்த அலமாரியில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று நூலகருக்கே சொல்பவள். எங்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது உயரம்தான்.

அந்த வருடம் அடையாறில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் பொது அறிவியல் கண்காட்சி நடக்கப்போவதாகவும், எங்கள் பள்ளிக்கும் ஒரு மூலை கிடைத்திருப்பதாகவும் இயற்பியல் மிஸ் சொன்னார். நான் உடனே கையைத் தூக்கினேன். அணுவுக்குள் இருக்கும் துகள்களைப் பற்றி வைக்கலாம் மிஸ் என்றேன். வெளிநாட்டில் ஏதோ ஒரு புதிய துகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நாளிதழில் வந்த ஒரு சின்னச் செய்தியை வெட்டி வைத்திருந்தேன். அதைப் பெருமையாக முத்துவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "யாரும் பாக்கவே இல்லையாம், ஆனா இருக்காம். அப்ப எங்க ஊரு பேய்க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. அவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அந்த இரண்டு வாரத்தில் நான் பதினான்கு சார்ட் எழுதினேன். குவார்க் ஆறு வகை, லெப்டான் ஆறு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், தெர்மோகோலில் வெட்டி ஒட்டிய தலைப்பு. வீட்டுக் கூடத்தில் அவற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்து, அம்மாவைப் பார்க்க வந்த இரண்டு மாமிகளை முதல் பார்வையாளர்களாக நிறுத்தினேன். ஒரு மாமி இரண்டு வரி படித்துவிட்டு, "ரொம்ப அழகா எழுதியிருக்கே. கலர் பென்சில் எந்தக் கடையில வாங்கினே?" என்றார். இன்னொருவர் எட்டாவது சார்ட் வரை போனார், அதன் பக்கத்தில்தான் மின்விசிறி இருந்தது. "ஏண்டி, அவாளை உக்காரச் சொல்லேன், கால் வலிக்கப் போறது" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

மறுநாள் இதை முத்துவிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் சிரிக்கவில்லை. "நின்னு படிக்கதுக்கு யாரும் வரமாட்டாங்க. கையில எதையாச்சும் குடுக்கணும். எங்க கடையில சொம்பக் கையில குடுத்தாத்தான் வெலையே கேப்பாங்க" என்றாள். பிறகு டெஸ்க்கின் மேல் தன் டிபன் டப்பாவைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு நோட்டை விரித்து மூடி, ரப்பரை உருட்டி விட்டாள். அது உள்ளே போய் முட்டி இடது பக்கமாக வெளியே வந்தது. "உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலே சொல்லணும். வெளிய வாறத வச்சே சொல்லணும். அதானே அவங்க செய்யுதது?" துகள்களைத் தேடுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அந்த நொடியில் நான் பொறாமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் பதினான்கு சார்ட்டும் சொல்லாததை ஒரு டிபன் டப்பா சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு திட்டம் வேகமாக வளர்ந்தது. எதிர் வீட்டிலிருந்து ஒரு பழைய கேரம் போர்டு இரவல் வாங்கினோம். அதன் மேல் விளிம்பிலிருந்து இரண்டங்குலம் உயர்த்தி ஒரு பிளைவுட் பலகையைத் திருகி மூடினோம். உள்ளே நடுவில் ஒரு மரக்கட்டை ஒளிந்திருக்கும். ஒரு பக்கத்தில் சாய்வாக, வேண்டிய அங்குலத்துக்கு நகர்த்தி வைக்கிற மாதிரி ஓர் அலுமினியத் தடம், திரைச்சீலை மாட்டும் சாமான்தான். வருகிறவர்கள் சைக்கிள் கடை பேரிங் குண்டு ஒன்றை அதில் விட வேண்டும். எங்கே விட்டார்கள், எங்கே வந்து முட்டியது என்று சொல்ல வேண்டுமே, அதற்குப் போர்டின் நான்கு ஓரத்திலும் தையற்காரர் டேப் இரண்டை ஒட்டினோம். குண்டு விடுகிற பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து இருபத்தொன்பது அங்குலம் வரை, பிறகு சுற்றிக்கொண்டு மற்ற மூன்று பக்கம். முதல் பக்கத்தில் நான் உறுதி எழுதிக் கையெழுத்துப் போட்ட நோட்டில் இரண்டே பத்தி: போட்ட எண், வந்த எண். ஒரு ஆள் ஒரு குண்டு போட்டால் ஒன்றும் தெரியாது. நூறு பேர் போட்டால் உள்ளே இருப்பதன் உருவம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும். பொதுமக்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று நாளில் ஒன்றைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள். இதை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

கட்டைகளைச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பட்டறையில் வெட்டி வாங்கினோம். முக்கோணம், வட்டம், சதுரம். எதை உள்ளே வைப்பது என்று எங்கள் இருவருக்குமே தெரியக் கூடாது என்று முத்து சொன்னாள். தெரிந்தால் நாம் அதையே பார்க்க ஆரம்பித்துவிடுவோம் என்பது அவள் பயம். ஆகவே அந்தப் பொறுப்பை மண்டபத்து வாட்ச்மேன் ஏழுமலையிடம் கொடுத்தோம். "மூணுல ஒண்ண வெச்சுட்டு ஸ்க்ரூ போட்டுரணும், யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, அவ்ளோதானே?" என்றவர், "கெலிச்சவங்களுக்கு இன்னா தருவீங்க?" என்றார். ஒன்றும் தர மாட்டோம் என்றேன். "அப்ப இன்னாத்துக்குமா ஆடுவாங்க?" என்று கவலையோடு தலையைச் சொறிந்தார்.

இப்போது என் தவறு. கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லாம் மாட்டி முடிந்தது. முத்து தி. நகர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். அப்பா வந்து என்னை அழைத்துப் போக இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நூறு பேர் குண்டு போட்டும் உருவம் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம் மதியத்திலிருந்தே என்னை அரித்துக்கொண்டிருந்தது. என் பையில் பேனா டார்ச் ஒன்று இருந்தது. குனிந்து இடுக்கில் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். முக்கோணம். கூர்முனை குண்டு வரும் பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் வந்தது. முத்து போர்டுக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தாள். நான் பின்சுவரில் பெரிய வரைபடத் தாளுக்கு முன்னால், போர்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவள் எழுதிக் கிழித்துத் தரும் சீட்டைப் பார்த்துப் புள்ளி வைப்பது, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் விற்கிற பெண்கள் நாலு பேர் வியாபாரம் முடித்து வந்திருந்தார்கள். "இந்தாமே, நீ தள்ளு, உனுக்கு கை நடுங்குது" என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு ஆளுக்கு ஐந்தாறு குண்டு போட்டார்கள். ஆனால் முத்துவிடமிருந்து வந்த சீட்டுகளில் எனக்கு ஒரு சங்கடம். பதின்மூன்றில் போட்டது பதின்மூன்று. பதினான்கில் போட்டது பதினான்கு. பதினாறு, பதினாறு. முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தில் மோதும் குண்டு பக்கவாட்டில் தெறிக்க வேண்டும், வந்த வழியே திரும்ப முடியாது. ஆகவே முத்து குண்டைப் பார்க்காமல், போட்ட எண்ணையே மறுபடி எழுதுகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். கூட்டத்தில் தடுமாறுகிறாள், பாவம் என்றுகூட நினைத்தேன். அந்தச் சீட்டுகளுக்குப் புள்ளி வைக்காமல் பென்சில் டப்பாவில் போட்டு மூடினேன்.

இடைவேளையில் அவளிடம் கேட்டேன். "முத்து, நீ வர்ற நம்பரைப் பார்த்துண்டுதானே எழுதறே?"

"பாக்காம எழுதுவாங்களா?"

"நிறைய சீட்டுல ரெண்டும் ஒரே நம்பரா இருக்கே."

"ஒரே எடத்துக்குத்தான் வந்துச்சு. வந்தத எழுதுதேன். எனக்கு என்னத்துக்குப் பொய் எழுதணும்?"

பத்து வயதிலிருந்து கடையில் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது. வாங்குகிறவர் சொன்ன எழுத்தை ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் ஊசியை வைப்பாள். அவள் கை தவறாக எழுதாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மாலை மிஸ்ஸிடம் போய், முத்து கவனமில்லாமல் எழுதுகிறாள், பாதிச் சீட்டு வீண் என்று சொன்னேன். மிஸ்ஸுக்கு ஆறு ஸ்டால்களைப் பார்க்க வேண்டியிருந்தது. "சரி, நாளைக்கு நீயே நோட்டை வெச்சுக்கோ. அவ வாசல்ல செருப்பு டோக்கன் குடுக்கட்டும், அங்க ஆள் இல்ல" என்றார். நோட்டை என் கையில் கொடுக்கும்போது முத்து, "ஞாயித்துக்கெழம எங்கப்பா வாராரு. கடையப் பூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருக்காரு" என்றாள். வாரத்திலேயே வியாபாரம் அதிகம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் கடையைப் பூட்டுவது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை நான் போர்டின் முன்னால் உட்கார்ந்தேன். மூன்று நாளும் ஒரே கட்டைதான் என்பது ஏற்பாடு. சைதாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு மனிதர் பதினான்கில் குண்டை விட்டார். அது உள்ளே போயிற்று, டொக் என்றது, நேராகத் திரும்பி வந்து பதினான்கிலேயே முட்டியது. இன்னொரு தடவை போடுங்கள் என்றேன். மறுபடி பதினான்கு. என் கையாலேயே எழுதினேன்: போட்டது பதினான்கு, வந்தது பதினான்கு.

சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலையைத் தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். "அந்தக் கட்டையை மாத்தினேளா?" என்று கேட்டேன்.

"பின்ன? வியாழக்கெழம நீ குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்துக்கினு இருந்தியே. நான் அந்தத் தூணாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். நீங்கதான யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க. அதான் மறுநா காலைல வந்து வேற வெச்சுட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னேளா?"

"எனுக்கு இன்னா வேற வேல இல்லியா?" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் நான் எதுவும் செய்யவில்லை, கண்ணா. உனக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முத்து சொன்னது சரி என்று ஒரு மணிக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தரை வரை வாசலில் அவள் டோக்கன் கொடுப்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே குண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவளைத் திரும்ப உள்ளே கூப்பிட வேண்டுமென்றால் அவள் பொய் எழுதினாள் என்று நான் ஏன் நம்பினேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எட்டிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தப்பு செய்வது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நீளம். நீ மூன்றாம் வகுப்பில் "போர்டு தெரியலம்மா" என்று சொன்னபோதும் எனக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. எழுதச் சோம்பல், அதனால் சாக்குச் சொல்கிறாய் என்று ஆறு மாதம் திட்டினேன். கண்ணாடி போட்ட அன்று நீ பஸ் நம்பரையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஆறு மாதமும் நான் நம்பாதபோதும் நீ சொல்வதை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு உனக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே போய் முத்துவிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். வீட்டுக்குப் பக்கத்து லஸ் நிறுத்தத்தில் பஸ் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. நான் மண்டபத்து வாசலுக்கு வந்தபோது வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். முதலில் நின்றவர் வெள்ளை வேட்டியைச் சரிசெய்துகொண்டே, மண்டபத்துக்குள் பார்த்தபடி செருப்பைக் கழற்றிப் பலகை மேல் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு டோக்கனை நீட்டிய கையைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். முத்துவின் அப்பா.

"என்னட்டி இது? இதுக்கா மூணு மாசமா ராத்திரி பகலா பலகையும் டேப்புமா அலைஞ்ச?"

முத்து அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். என்னை அவள் பார்த்துவிட்டாள். என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உள்ள போயிப் பாருங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

நான் வரிசையை விட்டு முன்னால் போனேன். "அங்கிள், இது முத்துவோட ஐடியாதான். எல்லாமே அவளோடது. அவ தப்பா எழுதறான்னு நான்தான் மிஸ்கிட்ட சொல்லி இங்க உக்கார வெச்சேன். அவ எழுதினது சரி. நான்தான் உள்ள என்ன இருக்குன்னு திருட்டுத்தனமாப் பார்த்துட்டு, அதுக்கு ஒத்து வராததையெல்லாம் எடுத்துப் போட்டுட்டேன்."

அவர் மகளிடம், "நீ சொல்லலையா?" என்றார்.

"சொன்னேன். நம்பல."

"எடுத்துப் போட்டது எங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார். பென்சில் டப்பாவைத் திறந்து காட்டினேன். நல்லவேளை, ஒரு சீட்டைக்கூடக் கிழித்திருக்கவில்லை. முத்து பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள். "எங்கப்பாட்ட சொன்னது போதாது. மிஸ்கிட்டயும் நீதான் சொல்லணும்" என்றாள். நட்பாகச் சொல்லவில்லை. மிஸ்ஸிடமும் சொன்னேன். மிஸ் திட்டவில்லை, "எனக்கும் அவளை ஒரு வார்த்தை கேக்கத் தோணல பாரு" என்றார். செருப்பு டோக்கனுக்கு நானே உட்காருகிறேன் என்றேன். அன்று முழுவதும் அங்கேதான் இருந்தேன்.

கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளேயிருந்து துண்டு துண்டாகச் சத்தம் வரும். முத்துவின் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் விட்டுப்போன புள்ளிகளையெல்லாம் வரைபடத்தில் வைத்திருக்கிறாள். மதியத்துக்குள், ஏழுமலை மாற்றி வைத்த சதுரத்தின் முன்பக்கம் கோடு போட்டது போலத் தெளிந்துவிட்டது. அவள் அப்பா அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தார். டோக்கனைக் கொடுத்துவிட்டு, "பதினேழுல போட்டா மட்டும் கொஞ்சம் இடிச்சிட்டு வெலகிப் போகுது. அங்கதான் முக்கு இருக்கும்போல" என்றார், எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது போல. தெரியும் அங்கிள் என்றேன். அவர் செருப்பை நேராகத் திருப்பி வைத்தேன்.

மாலையில் கூட்டம் பலகையைத் திறந்து காட்டச் சொன்னதாம். "நெசத்துலயும் தெறந்து காட்ட முடியாதுங்க. நீங்க போட்ட குண்டுதான் சாட்சி" என்று முத்து மறுத்துவிட்டாளாம். ஒருவர் சண்டைக்கே வந்தார் என்று ஏழுமலை எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

நன்றி என்று எழுத ஆரம்பித்தால் எனக்குப் பட்டியல் நீளும். குனிந்த என்னைப் பார்த்தும் ஊருக்குச் சொல்லாமல், கட்டையை மட்டும் மாற்றிய ஏழுமலைக்கு. என்னை விரட்டாமல், எடுத்துப் போட்டது எங்கே என்று கேட்ட அந்த மனிதருக்கு. எல்லோரையும் விட முத்துவுக்கு. நீ போகிற இடத்தில் நீ நினைத்ததற்கு நேர் எதிராக ஒரு எண்ணை யாராவது எழுதிக் கொண்டுவந்து வைத்தால், முதலில் அதை எழுதிய ஆளைச் சந்தேகிக்கத் தோன்றும். தோன்றட்டும். ஆனால் கருவிக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரு தடவை நீயே பார். அந்த எண்ணை எங்கேயும் எடுத்துப் போடாதே, ஆளையும் வாசலுக்கு அனுப்பாதே.

கடைசியாக ஒன்று. அன்று ஆறரை மணிக்கு எல்லா ஸ்டால்களும் காலியாகிக்கொண்டிருந்தன. நான் கடைசிச் செருப்பைக் கொடுத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். முத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காலையில் டப்பாவை வாங்கிக்கொண்டதற்குப் பிறகு என்னோடு பேசாதவள்.

"மூணு நாளா ஊரே போட்டுட்டுப் போயிருச்சு. நீ ஒரு குண்டு போட்டியா?"

இல்லை என்றேன்.

"வா. எழுதுதேன்."

உள்ளே போனேன். அவள் நோட்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் தடத்தை எட்டாம் அங்குலத்துக்கு நகர்த்தி, குண்டை விட்டேன். அது பலகைக்கு அடியில் போன சத்தம் கேட்டது. யாரும் இல்லை என்று நினைத்து ஏழுமலை மெயினை இறக்கிவிட்டார். இருட்டில் குண்டு எங்கோ முட்டி நின்றது. வெளியே தெருவிளக்கு வெளிச்சத்தில் போய் நின்று, முத்து அந்த வரியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: போட்டது எட்டு. வந்தது பார்க்கவில்லை, விளக்கை அணைத்துவிட்டார்கள்.